கோலமாவும் டிவைடரும் இருந்த அறை: நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையில் இயங்கும் நம் தமிழ் அமைப்பின் நிர்வாகக் குழுவினருக்கு,

ஞாயிறு காலை ஃபிராக்டல் (பெரிய வடிவத்துக்குள் அதுபோன்ற சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்று அடுக்கடுக்காக அமையும் வடிவம்) வகுப்பை இந்த மாதத்தோடு நிறுத்துவதாக உங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. மாடி அறை இனி நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறது. அதே தாளில் இன்னும் இரண்டு முடிவுகள் உள்ளன. பொங்கல் கோலப் போட்டியில் சிக்குக் கோலப் பிரிவு இனிக் கிடையாது. வண்ண ரங்கோலி மட்டும்தான், அச்சு வைத்துப் போட்டாலும் ஏற்பீர்கள். வகுப்புக்கு ஈடாகக் கீழ்க் கூடத்தின் சுவரில் 'பண்டைத் தமிழர் கண்ட ஃபிராக்டல்' என்ற தலைப்பில் ஆறு பதாகைகள் வரப்போகின்றன. இவ்வளவுக்கும் நீங்கள் கொடுத்த காரணம் ஒரே வரி: 'கம்ப்யூட்டரில் அழகான படம் பார்க்கும் பொழுதுபோக்கு; பிள்ளைகளின் படிப்புக்கு உதவாது.'

அந்த வரியை எங்களால் ஏற்க முடியவில்லை. அந்த அறையில் கம்ப்யூட்டரே கிடையாது. ஜியாமெட்ரி பாக்ஸ், கட்டத்தாள், பழைய செய்தித்தாள், கோலமாவு, ஒரு கரும்பலகை, ஏ-3 அளவில் அச்சடித்த மும்பை வரைபடம் ஆகியவைதான் இருக்கின்றன. தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று பல இடங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே செய்வது அளப்பது. ஃபிராக்டல் கணிதம் வளர்ந்ததில் அளவெடுப்பதில் வந்த ஒரு சிக்கலுக்குப் பெரும் பங்கு உண்டு. கம்ப்யூட்டர் படங்கள் பின்னால் வந்தவை.

அந்தச் சிக்கல் இதுதான். ஸ்பெயினும் போர்ச்சுகலும் பகிர்ந்துகொள்ளும் எல்லையை ஸ்பெயின் 987 கி.மீ. என்று பதிவு செய்திருந்தது. போர்ச்சுகல் 1,214 கி.மீ. என்றது. எல்லை ஒன்றுதான். அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். அவர் 1953-இல் இறந்தார். அந்தக் கணக்குகள் 1961-இல்தான் அச்சேறின. அளக்கும் அளவுகோல் சிறிதானால் வளைவுக்குள் இருக்கும் வளைவும் கணக்கில் சேர்கிறது, நீளம் ஏறுகிறது. ஏறுவதும் தாறுமாறாக அல்ல, ஒரு விதிப்படி. 1967-இல் கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிரோ பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்வியை வைத்து எழுதிய கட்டுரை இந்த ஏற்றத்துக்கு ஓர் எண் கொடுத்தது. அதுதான் பரிமாணம்; கோடு எவ்வளவு கரடோ எண் அவ்வளவு பெரிது. நேர்கோட்டின் பரிமாணம் 1. பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25; வழுவழுப்பான தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02. 1975-இல் அவர் வைத்த பெயர்தான் ஃபிராக்டல். 'உடைந்த' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது.

ஐரோப்பாவுக்குப் போகவே வேண்டாம். இந்தியக் கடற்கரை 7,516.6 கி.மீ. என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் அது 11,098.81 கி.மீ. ஆகியிருக்கிறது. நிலம் வளரவில்லை. பழைய எண் 45 லட்சத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்த வரைபடத்திலிருந்து வந்தது. புதியது இரண்டரை லட்சத்தில் ஒன்று, அதாவது 18 மடங்கு நுணுக்கம். மகாராஷ்டிரம் 652.6-லிருந்து 877.97-க்கு வந்தது. குஜராத் 1,214.7-லிருந்து 2,340.62-க்குப் போய்க் கிட்டத்தட்ட இரட்டித்தது. தமிழ்நாடு 906.9-லிருந்து 1,068.69, ஏறக்குறைய 18 சதவீத ஏற்றம்தான்.

ஏன் இந்த வேறுபாடு? குஜராத்தில் கச்சு, கம்பாத் என்று இரண்டு வளைகுடாக்களும் அவற்றுக்குள் எண்ணற்ற சேற்று ஓடைகளும் உள்ளன. சோழமண்டலக் கரையோ மணல் கரை, நீண்டு நேராக ஓடுவது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதை எண்ணாகவே மாற்றிவிடும்: நீளம் எத்தனை மடங்கு ஏறியதோ அதன் மடக்கையை (லாகரிதம்) 18-இன் மடக்கையால் வகுத்து 1-ஐக் கூட்டினால் போதும். குஜராத்துக்கு 1.23, தமிழ்நாட்டுக்கு 1.06 வரும். அளந்த முறையும் தீவுகளைச் சேர்த்த விதமும் இடையில் மாறியிருப்பதால் இந்த இலக்கங்களை அப்படியே நம்பக்கூடாது என்றும் கூடவே சொல்லித்தருகிறோம். ஆனால் எது கரடு, எது வழுவழுப்பு என்ற வரிசை சரியாகவே வருகிறது. நாளிதழில் வந்த ஓர் அரசுப் புள்ளிவிவரத்தைப் புரிந்துகொண்டு கேள்வியும் கேட்கத் தெரிந்த பிள்ளையைப் பார்த்துப் 'படிப்புக்கு உதவாது' என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

முதல் நான்கு வாரமும் வரைபடத்தைத் தொடுவதில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு வளைகோட்டில்தான் கை பழக வேண்டும். அது 1904-இல் ஸ்வீடன் நாட்டு ஹெல்கே ஃபான் காக் கொடுத்த வளைகோடு. ஏ-4 தாளை அகலவாக்கில் வைத்து, கீழிருந்து நாலு செ.மீ. விட்டு 27 செ.மீ. கோடு இழுக்க வேண்டும். நடு 9 செ.மீ.யை அழித்து, அங்கே சமபக்க முக்கோணத்தின் மேலிரு பக்கங்களை நிறுத்த வேண்டும். இப்போது 9 செ.மீ. துண்டுகள் நாலு. ஒவ்வொன்றிலும் இதையே செய்தால் 3 செ.மீ. துண்டுகள் பதினாறு, இன்னொரு முறை செய்தால் 1 செ.மீ. துண்டுகள் அறுபத்து நாலு. தவறு வழக்கமாக இரண்டே இடத்தில் நடக்கிறது: அடிக்கோட்டை அழிக்க மறந்துவிடுவார்கள், அல்லது சாய்ந்த துண்டுகளில் முக்கோணத்தை உள்பக்கம் குத்திவிடுவார்கள். மூன்றாவது சுற்றுக்கு முன் பென்சிலைச் சீவ வேண்டும். கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் 1 செ.மீ. முக்கோணங்கள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

பிறகு டிவைடரின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி வைத்துக் கோட்டின்மேல் நடக்க விடுகிறோம்; ஒரு தடவை எடுத்துவைப்பது ஓர் அடி. 9 செ.மீ. விரிப்பில் 4 அடி, நீளம் 36 செ.மீ. 3 செ.மீ. விரிப்பில் 16 அடி, 48 செ.மீ. 1 செ.மீ. விரிப்பில் 64 அடி, 64 செ.மீ. அடி மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது எண்ணிக்கை நாலு மடங்காகிறது. 4-இன் மடக்கையை 3-இன் மடக்கையால் வகுத்தால் 1.26; அதுதான் பரிமாணம். அடுத்து அரை செ.மீ. விரிப்பில் நடக்கச் சொல்கிறோம். 128 அடி வரும், நீளம் அதே 64 செ.மீ. ஏற்றம் நின்றுவிட்டது, ஏனென்றால் 1 செ.மீ.க்குக் கீழே நாம் எதையும் வரையவில்லை. இந்தக் கடைசி அளவுக்காகவே வகுப்பு நடத்தலாம் என்று நாங்கள் நினைக்கிறோம். காகிதத்திலோ இயற்கையிலோ இருக்கும் எந்த ஃபிராக்டலும் ஓர் எல்லைக்குள்தான் ஃபிராக்டல். அந்த எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லாமல் பரிமாணத்தை மட்டும் சொல்வது அரைகுறைப் பேச்சு.

அதன் பிறகுதான் கொலாபா முதல் மனோரி வரையிலான கரை. டிவைடரை 4, 2, 1, அரை செ.மீ. என்று சுருக்கிக்கொண்டே போகிறோம். மெரீன் டிரைவில் எவ்வளவு சுருக்கினாலும் நீளம் அவ்வளவாக அசையாது. அது மனிதன் கட்டிய வளைவு. மாஹிம் முகத்துவாரத்திலும், வெர்சோவா, மார்வே ஓடைகளிலும் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நீளம் ஏறும். மித்தி ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் போவது என்று அளப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவும் ஓர் எண் கொண்டுவரும். கடைசியில் மிஞ்சும் முழுமையற்ற அடியைப் பின்னமாகச் சேர்க்க வேண்டும். தெற்கிலிருந்து ஒருமுறை, வடக்கிலிருந்து ஒருமுறை நடந்து சராசரி எடுக்க வேண்டும். நான்கு விரிப்புகளுக்குக் குறைந்தால், நீளம் ஏறும் வீதத்தைக் காட்டும் சாய்வை நம்ப முடியாது.

இது வெறும் கரையோடு நிற்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பதிவானது. அதே நகரத்தில், அதே நாளில், கொலாபாவில் சுமார் 74 மி.மீ. நகரத்துக்கு ஒரு சராசரி மழை என்று சொல்வதில் எவ்வளவு மறைந்துபோகிறது என்பதை மும்பைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைப் பரப்புகளும் மேகங்களும் கொண்ட ஓரங்களை 1982-இல் ஷான் லவ்ஜாய் அளந்தபோது பரிமாணம் ஏறக்குறைய 1.35 என்று வந்தது. சிறிய மேகத்துக்கும் மிகப் பெரிய மேகத் தொகுதிக்கும் அதே எண். நுரையீரலில் மூச்சுக்குழாய் ஏறக்குறைய 23 தடவை இரண்டிரண்டாகப் பிரிகிறது. ஆறு லிட்டர் கூட்டுக்குள் எழுபது சதுர மீட்டர் பரப்பு அப்படித்தான் அடங்குகிறது. மாண்டல்பிரோ 1963-இல் விலைகளைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட பண்டம் பருத்தி. நாள் ஏற்ற இறக்கமும் மாத ஏற்ற இறக்கமும் ஒரே வடிவப் பரவலில் விழுவதை அதில்தான் காட்டினார். காட்டன் கிரீன் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் வைத்திருக்கும் ஊரில், பருத்தி விலையின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரே தமிழ் வகுப்பு இதுவாகத்தான் இருக்கும்.

இனி கோலம். போட்டியிலிருந்து சிக்குக் கோலத்தை எடுத்ததில்தான் எங்களுக்கு மிகுந்த வருத்தம்.

1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் பாசியின் வளர்ச்சியை எழுத, எழுத்தைச் சொல்லால் மாற்றும் ஓர் இலக்கணம் அமைத்தார். அ என்பது அஆ ஆகும், ஆ என்பது அ ஆகும். இந்த இரண்டு விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் 1, 2, 3, 5, 8, 13 என்று நீளம் வளரும். நம் சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை இப்படி இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று 1974-இல் காட்டினார்கள். கணினி அறிவியலில் உலகெங்கும் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வேலை அது. 'கிருஷ்ணன் கால் கொலுசு' என்று ஆய்வாளர்கள் குறிக்கும் கோலம் அந்த வரிசையில் புகழ்பெற்றது. செடியை வரையும் இலக்கணத்தாலேயே அதையும் போடலாம்.

போடும் முறையைச் சொல்கிறோம். வீட்டு வாசலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஓர் 'அடி' 4 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி, மூலைகளைச் சற்று உருட்டி, 4 செ.மீ. சதுரம் ஒன்று. இது முதல் நிலை: புள்ளி 1, அடி 4. இரண்டாம் நிலைக்கு 12 செ.மீ. சதுரத்தின் நாலு மூலையிலும் அதே சதுரத்தை வைத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து, உள்பக்கம் பார்க்கும் நாலு மூலைகளையும் ஓர் அடிக் கோடுகளால் இணையுங்கள். புள்ளி 5, அடி 20. உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது: உள்மூலைக்கு வரும்போது கோடு திரும்பக்கூடாது. சதுரத்தின் பக்கம் அப்படியே நேராக நீண்டு இணைப்பாக மாற வேண்டும், இன்னொரு கோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். மூன்றாம் நிலையும் அப்படித்தான். 28 செ.மீ. சதுரத்தின் நாலு மூலையிலும் இரண்டாம் நிலைக் கோலம் முழுசாக, நடுவே ஒரு புள்ளி, நாலு இணைப்பு. புள்ளி 21, அடி 84. அடுத்தது 60 செ.மீ., புள்ளி 85, அடி 340. எந்த நிலையிலும் புள்ளிக்கு நாலு அடி. எந்த நிலையிலும் கோடு ஒன்றே ஒன்று, தொடங்கிய இடத்திலேயே முடியும்.

இப்போது அதை அளந்து பாருங்கள். பக்கம் கிட்டத்தட்ட இரட்டிக்கும்போது கோட்டின் நீளம் நாலு மடங்காகிறது. நேர்கோடாக இருந்தால் இரட்டித்திருக்கும். பக்கம் இரட்டித்தால் நாலு மடங்காவது பரப்பளவின் குணம். ஆக, இந்த ஒற்றை இழை போகப்போகத் தரையையே நிரப்புகிறது. அதன் பரிமாணம் 2-ஐ நோக்கிப் போகிறது. பெரிய பெரிய சொற்கள் இல்லாமல் ஒன்பது வயதுப் பிள்ளை விரல்விட்டு எண்ணியே இந்த இடத்துக்கு வந்துசேரும்.

தவறு எங்கே வரும் என்பதும் முக்கியம். ஓர் உள்மூலையில் கை பழக்கத்தில் வளைந்துவிட்டால் அந்தச் சதுரம் தனி வளையமாகக் கழன்றுவிடும். பார்வைக்குக் கோலம் நன்றாகவே இருக்கும். விரலை வைத்து நடத்தினால்தான் தெரியும்: இரண்டாம் நிலையில் 20 அடிக்குப் பதில் 16-லேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். ஒரு மூலை பிசகியிருக்கிறது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். அச்சு வைத்துப் போடும் கோலத்தில் இது எதுவும் கிடையாது. அச்சிலிருந்து விழுவது துண்டு துண்டாக மாவு. ஓடும் இழை இல்லை, தொடரவும் இல்லை, தவறவும் இல்லை. நாற்பத்தைந்து நிமிடத்தில் கூடம் நிறைந்துவிடும், சரி. போட்டியில் எதைப் போட்டிபோட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

நடைமுறைச் சிரமத்தை நாங்கள் மறுக்கவில்லை. கூடத்தின் வழுக்கு டைல்ஸில் உலர்ந்த மாவு நிற்காது. மின்விசிறி போட்டால் பறக்கும். மழைக்காலத்தில் அரிசி மாவு கட்டிதட்டி விரலிடுக்கில் சிக்கும். அதற்கு வழி இருக்கிறது. பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, சின்னத் துணித்துண்டை நனைத்து மாக்கோலமாகப் போடலாம். டைல்ஸில் அழகாக ஒட்டும், அரை மணியில் காய்ந்து வெளுக்கும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அல்லது ஆளுக்கு ஒரு கரும்பலகையும் சாக்கட்டியும் போதும்.

பதாகைகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். அவற்றில் இரண்டு தவறானவை, மாட்டக்கூடாது. மாண்டல்பிரோ கணத்தின் (ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி மாறிலியைக் கூட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்து கணினி வரையும் உருவம்) படத்தைப் போட்டு ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோவில் வடிவம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உருவத்தை மனிதக் கண் முதலில் பார்த்தது 1978-ஐ ஒட்டித்தான். புரூக்ஸும் மட்டெல்ஸ்கியும் அச்சு இயந்திரத்தில் நட்சத்திரக் குறிகளாக எடுத்தார்கள். 1980-இல் மாண்டல்பிரோ ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் அதை விரிவாக ஆராய்ந்தார். அதன் பின்னால் இருக்கும் கணிதம் ஃபாட்டூவும் ஜூலியாவும் 1918-ஐ ஒட்டிச் செய்தது. 'எல்லாக் கோலமும் ஃபிராக்டல்' என்ற இன்னொரு பதாகையும் சரியல்ல. ஏழு புள்ளிச் சிக்குக் கோலத்தில் சமச்சீர் இருக்கிறது, ஒற்றை இழை இருக்கிறது. ஆனால் வளையங்கள் எல்லாம் ஒரே அளவு. பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என்ற அடுக்கு அதில் இல்லை. ஃபிராக்டல் அல்ல என்பதால் அதன் அருமை குறைந்துவிடாது. இல்லாத பெருமையைச் சுவரில் ஏற்றினால், உண்மையான பெருமையைச் சொல்லும்போதும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

உண்மையானது வேண்டும் என்றால் ஏராளமாக இருக்கிறது. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் மேரு பிரஸ்தாரத்தை விளக்கியிருக்கிறார்; பாஸ்கல் முக்கோணம் என்று பள்ளியில் படிப்பது அதைத்தான். அதில் ஒற்றை எண்களுக்கு மட்டும் நிறம் தீட்டினால் 1915-இல் சியர்பின்ஸ்கி கொடுத்த முக்கோணம் எழுந்து வரும். பதினாறு வரிசையில் மொத்தம் 136 கட்டம்; நிறம் ஏறுவது 81. முப்பத்திரண்டு வரிசைக்கு 243. வரிசை இரட்டிக்க, நிறம் மூன்று மடங்கு. எண்களைக் கூட்டத் தேவையே இல்லை: மேலே உள்ள இரண்டில் ஒன்று மட்டும் நிறமாக இருந்தால் கீழே நிறம், இரண்டும் ஒன்றுபோல இருந்தால் வெறுமை. இந்த விதியை மட்டும் கொடுத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் தீட்டும். ஹலாயுதர் இந்த நிறத்தைப் பார்த்தார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. சிகரத்தின் மேல் சிறு சிகரம் அடுக்கும் கோவில் கட்டடத்தை ஃபிராக்டல் கண்ணோடு பார்த்து 1989-இல் எழுதிய கீர்த்தி திரிவேதி, இதே ஊரில், பவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் இருந்தவர். அதைப் பதாகையில் போடுங்கள்.

கலைப் பக்கத்தில் ஓவர் பேச்சு எங்கும் உண்டு என்பதும் உண்மை. ஜாக்சன் பொல்லாக் சொட்டவிட்டு வரைந்த ஓவியங்களில் ஃபிராக்டல் அமைப்பு இருப்பதாக ரிச்சர்ட் டெய்லர் குழு 1999-இல் அளந்து சொன்னது. 2006-இல் ஜோன்ஸ்-ஸ்மித்தும் ஹர்ஷ் மாத்தூரும், அளவு வீச்சு போதாது, கையால் கிறுக்கிய படமும் அதே சோதனையில் தேறிவிடுகிறது என்று மறுத்தார்கள். டிவைடரை அரை செ.மீ.க்குச் சுருக்கிப் பார்த்த பிள்ளைக்கு இந்தச் சண்டை ஒரே நொடியில் புரியும். திரைப்பட மலைகளோ வேறு கதை: 1980-இல் போயிங்கில் வேலைபார்த்த லோரன் கார்பென்டர் முக்கோணத்தின் நடுப்புள்ளிகளை மேலும் கீழும் தள்ளி, கிடைத்த சிறு முக்கோணங்களில் அதையே திரும்பச் செய்து மலைத்தொடரை எழுப்பினார். இன்றைய கணினி நிலக்காட்சிகளின் வேரில் அந்த உத்திதான் இருக்கிறது.

எங்கள் அறையில் கலையும் அறிவியலும் ஒரே தாளில் சேரும் இடம் போஸ்டர் கலர். அரை டீஸ்பூன் அளவு கெட்டியான கலரைப் பழைய சி.டி. உறை மூடியில் வைத்து, மேலே இன்னொரு மூடியை அழுத்தி வட்டமாகப் பரப்பி, பிறகு ஒரே சீராக மேல்நோக்கிப் பிரிக்க வேண்டும். ஓரத்திலிருந்து காற்று உள்ளே நுழைந்து விரல் விரலாகப் பிரியும்; மிச்சமிருக்கும் கலர் ஆற்றுக் கிளைகள்போல நிற்கும். 1930-களில் ஓவியர்கள் இதை ஓர் உத்தியாகவே கையாண்டார்கள். நீர்ம இயற்பியலில் இது 1958-இல் சாஃப்மனும் ஜி. ஐ. டெய்லரும் விளக்கிய நிலைகுலைவு: கெட்டியான திரவத்தை நீர்த்தது தள்ளும்போது எல்லைக்கோடு நேராக நிற்காது. கலரில் தண்ணீர் மிகுந்தால் கிளை வராது, திட்டுத்திட்டாக ஒழுகும். ஒரு மூடி சாய்ந்து பிரிந்தால் கிளைகள் ஒரே பக்கமாக ஓடும். வேகமாகப் பிரித்தால் விரல்கள் மெல்லியவையாகவும் நிறையவும் வரும். நாலு வேகத்தில் பிரித்து நாலு தாளில் அச்செடுத்து, கட்டத்தாளை மேலே வைத்து நிறம் பட்ட கட்டங்களை எண்ணுகிறோம். 8, 4, 2, 1 செ.மீ. கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தாளை மூன்று இடத்தில் நகர்த்தி வைத்து, வந்தவற்றில் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். நகர்த்தாமல் ஒரே தடவை எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை.

தேர்வுக்கு உதவுமா என்ற கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறோம். காக் வளைகோட்டை முக்கோணத்தின் மூன்று பக்கத்திலும் வரைந்தால் சுற்றளவு ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் நாலு மடங்காகி எல்லையின்றி வளரும். பரப்பளவோ தொடங்கிய முக்கோணத்தைப்போல ஐந்தில் எட்டு மடங்கில் நின்றுவிடும். அது பதினொன்றாம் வகுப்புப் பெருக்குத் தொடர். ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி மாறிலியைக் கூட்டுவதைத் திரும்பத் திரும்பச் செய்வது சிக்கலெண் (கலப்பெண்) பாடம். மாறிலி 1 என்றால் 0, 1, 2, 5, 26 என்று பறந்துவிடும்; −1 என்றால் 0, −1, 0, −1 என்று ஊசலாடும்; i (−1-இன் வர்க்கமூலம்) என்றால் இரண்டு படி தாண்டியதும் −1+i, −i என்ற இரண்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். கசக்கிய செய்தித்தாள் பந்து மடக்கைப் பாடம். முழுத் தாள் ஒன்று, அதை ஆறு தடவை பாதியாக்கிய அறுபத்து நாலில் ஒரு பங்கு ஒன்று, இரண்டையும் ஒரே பலத்தில் கசக்க வேண்டும். பந்து திடமாக இருந்தால் விட்டம் 4 மடங்கு வித்தியாசப்படும், தட்டையாகவே இருந்தால் 8 மடங்கு. அளந்தால் ஐந்தை ஒட்டி வரும். பரிமாணம் இரண்டரைக்குப் பக்கத்தில். பந்து உருண்டையாக இராது என்பதால் விட்டத்தைக் குறைந்தது ஐந்து திசையில் அளக்க வேண்டும். இந்தப் பாடங்களைப் பயிற்சி வகுப்பு சூத்திரமாகக் கொடுக்கும். எங்கள் அறையில் அதே சூத்திரம் எதற்காகப் பிறந்தது என்று கை அறிகிறது. இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை வெளியே தள்ளியதுதான் எங்கள் புகார்.

ஆகவே கேட்கிறோம். வகுப்பை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். பத்து மணிக்கு அறை கிடைக்காது என்றால் எட்டு முதல் பத்து வரை கொடுங்கள். சாவி பொறுப்பையும் துடைத்துப் பெருக்கும் பொறுப்பையும் நாங்களே ஏற்கிறோம், தாள், மாவுச் செலவுக்கும் அமைப்பிடம் கேட்கமாட்டோம். பொங்கல் போட்டியில் சிக்குக் கோலத்துக்குத் தனிப் பிரிவு வேண்டும்: வெள்ளை மாவு அல்லது மாக்கோலம் மட்டும், அச்சும் ஸ்டிக்கரும் கூடாது, அறுபது நிமிடம், நடுவர் எந்த இடத்திலிருந்தும் விரலை நடத்தி இழை தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பார்த்த பிறகே மதிப்பெண். ரங்கோலிப் பிரிவு உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும். நாங்கள் குறிப்பிட்ட இரண்டு பதாகைகளையும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். மேரு பிரஸ்தாரம் ஒன்று, தாம்பரத்துக் கோல இலக்கணம் ஒன்று என்று மாற்று வாசகத்தை ஒரு வாரத்தில் எழுதித் தருகிறோம்.

முடிவெடுப்பதற்கு முன் அடுத்த குழுக் கூட்டத்தில் எங்களுக்கு இருபது நிமிடமும் ஒரு மேசையும் ஒதுக்கிக் கொடுங்கள். மும்பைக் கரையின் வரைபடமும் நாலு டிவைடரும் கொண்டுவருகிறோம். நீங்கள் நால்வர் நாலு விரிப்பில் மாஹிமிலிருந்து மனோரி வரை நடந்து, வரும் நீளங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுத்தில் பதிலை இந்த மாத இறுதிக்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு ஆசிரியர்கள்,
மும்பை